மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா, சுரப்பியையே முடித்துவிடுவதா?

ஒன்றரை வருஷம் தைராய்டு ஹார்மோனைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிட்டாயிற்று. படபடப்பு போயிற்று, கை நடுக்கம் இல்லை, இறங்கிய எடை ஏறிவிட்டது (கொஞ்சம் கூடுதலாகவே), ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். ஹைப்பர்தைராய்டு (தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மேல் சுரப்பது) உள்ளவர்கள் பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வீட்டில் "அதான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்பார்கள். டாக்டரோ, "நிறுத்திப் பார்க்கலாம், திரும்ப வந்தா ரேடியோ அயோடின் குடுத்துக்கலாம், இல்லைன்னா ஆபரேஷன் இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கன்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நிற்பார்.

ஆக, வழி நான்கு. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கவனிப்பது. சின்ன டோஸிலேயே வருஷக்கணக்கில் தொடர்வது. கதிரியக்க அயோடின் குடித்துச் சுரப்பியை அடக்குவது. ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவது. குடும்பத்தில் ஓடுகிற நோய் என்பதால் இதில் மூன்றை எங்கள் வீட்டிலேயே பார்த்தாயிற்று. திருமங்கலத்து அக்கா அயோடின் குடித்தவர், சித்தப்பா மகன் நிறுத்திப் பார்த்தவன், நான் சின்ன டோஸில் ஓடிக்கொண்டிருப்பவள். அதனால் நான் நடுநிலைக்காரி இல்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிக்கப் படிக்கத் தெரிந்துவிடும்.

உங்களுக்கு இருப்பது எந்த நோய்?

நிறுத்தலாமா என்ற கேள்வியே எல்லோருக்கும் பொருந்தாது. தைராய்டு ஹார்மோன் கூடுவதற்கு முக்கியமாக மூன்று காரணம் சொல்லலாம். மூன்றுக்கும் பாதை வேறு.

முதலாவது கிரேவ்ஸ் நோய். ராபர்ட் கிரேவ்ஸ் என்ற அயர்லாந்து டாக்டர் 1835இல் விவரித்ததால் அந்தப் பெயர். உடம்பின் எதிர்ப்பு சக்தி தவறுதலாக ஓர் ஆன்டிபாடியை உண்டாக்கி, அது சுரப்பியை "இன்னும் சுர, இன்னும் சுர" என்று விரட்டிக்கொண்டே இருக்கும். இந்த ஆன்டிபாடி சிலருக்குக் காலப்போக்கில் அடங்கிவிடும். அதனால்தான் கிரேவ்ஸில் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

இரண்டாவது, கழுத்தில் இருக்கும் கட்டியோ பல கட்டிகளோ தன்னிஷ்டத்துக்குச் சுரப்பது. ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் இது அதிகம். இங்கே மாத்திரை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். எத்தனை வருஷம் சாப்பிட்டாலும் கட்டி திருந்தாது, நிறுத்தினால் திரும்பிவிடும். இவர்களுக்கு முதல் வழி கிடையாது, மற்ற மூன்றில்தான் பேச்சு.

மூன்றாவது, பிரசவத்துக்குப் பிறகோ ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகோ சுரப்பி வீங்கி, உள்ளே சேர்த்து வைத்திருந்த ஹார்மோன் ஒழுகுவது. சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாக அடங்கும். புது ஹார்மோன் உற்பத்தியை நிறுத்துவதுதான் கார்பிமசோலின் வேலை, ஏற்கெனவே ஒழுகுவதை அது ஒன்றும் செய்யாது. இந்த வகைக்குக் கார்பிமசோல் தேவையே இல்லை. குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதத்தில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு கூடினால் இது குறையும்) குறைந்ததென்று மாத்திரை ஆரம்பிக்கப்பட்டவர்கள், தங்களுக்கு எந்த வகை என்று டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

எந்த வகை என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையோ டெக்னீஷியம் ஸ்கேனோ போதும். ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். இரண்டில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். இனி எழுதுவது பெரும்பாலும் கிரேவ்ஸ்காரர்களுக்கு.

டி.எஸ்.ஹெச். நார்மல் என்றால் நோய் போய்விட்டதா?

இல்லை. மாத்திரை சரியாக வேலை செய்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. நோய் அடங்கியதா என்பதைச் சொல்வது அந்த ஆன்டிபாடி அளவு. முழுப் பெயர் டி.எஸ்.ஹெச். ரிசெப்டர் ஆன்டிபாடி, லேப் பில்லில் 'டிராப்' என்று சுருக்கி வரும். சாதாரண தைராய்டு டெஸ்டைவிடப் பல மடங்கு விலை. அதனால்தானோ என்னவோ பலருக்கு எழுதப்படுவதே இல்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் காசு செலவழிக்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2016 வழிகாட்டுதல், பன்னிரண்டு முதல் பதினெட்டு மாத மருந்துக்குப் பிறகு டி.எஸ்.ஹெச்., ஆன்டிபாடி இரண்டும் நார்மலாக இருந்தால் நிறுத்தலாம் என்கிறது. ஆன்டிபாடி இன்னும் உயர்ந்தே இருக்கும்போது நிறுத்துவது, அடுப்பை அணைக்காமல் கொதிக்கும் பாலின் மேல் தட்டை மட்டும் எடுத்துவிட்டு நகர்வது மாதிரி.

இன்னொரு சிக்கல். சிகிச்சையின் ஆரம்ப மாதங்களில் டி.எஸ்.ஹெச். மட்டும் கீழேயே கிடக்கும். தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி4, டி3 நார்மலுக்கு வந்த பிறகும் அது எழுந்துவர வாரங்கள், சில பேருக்கு மாதங்கள் ஆகும். அதை மட்டும் பார்த்து டோஸைக் கூட்டினால் ஹைப்போவில் (ஹார்மோன் தேவைக்குக் கீழே குறைவது) போய் விழுவோம். டோஸைத் தீர்மானிப்பது ஃப்ரீ டி4, டி3 என்பதால் மூன்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

வழி ஒன்று: நிறுத்திப் பார்ப்பது

இதன் கவர்ச்சி தெரிந்ததுதான். மாத்திரை இல்லை, கதிரியக்கம் இல்லை, கத்தி இல்லை, சுரப்பி முழுசாக இருக்கிறது. நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் அப்படியே அடங்கிக் கிடக்கும். மறுபாதிக்குத் திரும்பும், அதுவும் பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்.

எந்தப் பாதியில் நீங்கள் என்பதைக் கொஞ்சம் ஊகிக்க முடியும். கழுத்து வீக்கம் பெரிதாக இருப்பவர்கள், நாற்பதுக்குக் கீழே உள்ளவர்கள், நோய் கண்டபோது டி4 மிக உயர்ந்து இருந்தவர்கள், ஆன்டிபாடி இறங்காதவர்கள், ஆண்கள், புகைப்பவர்கள் ஆகியோருக்கெல்லாம் திரும்பும் வாய்ப்பு அதிகம். மாறாக, கழுத்து சுருங்கி, தினம் 5 மி.கி. கார்பிமசோலிலோ அதிலும் பாதியிலோ பல மாதம் நிலையாக இருந்து, ஆன்டிபாடியும் நார்மல் ஆனவர்கள் தைரியமாக நிறுத்தலாம்.

சித்தப்பா மகனுக்கு மேலே சொன்ன பட்டியலில் பாதி பொருந்தியது. முப்பது வயது, நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட், கழுத்தில் வெளியே தெரியும் வீக்கம். ஆன்டிபாடி பார்க்கவில்லை. சித்திரைத் திருவிழா சமயத்தில் நிறுத்தினான், தீபாவளிக்குள் மறுபடி நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிட்டது. "ஒரு வேளை நல்லா இருந்திருக்கலாம்ல அக்கா" என்கிறான் இப்போதும். இருந்திருக்கலாம்தான். ஆனால் அவன் கையில் இருந்த சீட்டுகள் அப்படி இல்லை. இதில் அவனால் மாற்ற முடிந்தது ஒன்றே ஒன்று, சிகரெட். அது நோய் திரும்புவதை மட்டுமல்ல, கண் பிதுங்கும் தைராய்டு கண் நோயையும் தூண்டும்.

நிறுத்துவதற்கு முன் யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம் உண்டு. கார்பிமசோலின் பயப்பட வேண்டிய பக்கவிளைவு வெள்ளை அணுக்கள் திடீரென்று சரிவது. ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரலாம், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அந்தக் கட்டத்தைத் தாண்டி ஒன்றரை வருஷம் சாப்பிட்டவருக்கு அபாயம் மிகக் குறைவு. நிறுத்திவிட்டு, நோய் திரும்பி, மறுபடி ஆரம்பித்தால் அந்த அபாயக் கட்டமும் மறுபடி ஆரம்பிக்கிறது. மருந்தில் இருக்கும் காலம் முழுக்கவே காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை அன்றே நிறுத்தி, ரத்த அணு எண்ணிக்கை பார்த்துவிட வேண்டும். மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. கண் மஞ்சளானாலும், சிறுநீர் அடர்ந்தாலும் அப்படியே, அது ஈரல் சொல்லும் எச்சரிக்கை.

வழி இரண்டு: சின்ன டோஸில் தொடர்வது

"ஆயுசு பூரா மாத்திரையா?" என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கடைசியில் வைப்பார்கள். நான் முதலில் வைக்கிறேன்.

பதினெட்டு மாதத்துக்கு மேல் இந்த மருந்து போகக் கூடாது என்று எங்கும் சட்டம் இல்லை. ஆன்டிபாடி உயர்ந்தே இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் தொடர்ந்துவிட்டு மறுபடி பார்க்கலாம் என்று அதே 2016 வழிகாட்டுதல் இடம் கொடுக்கிறது. ஈரானில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வந்தது. கார்பிமசோல் உடம்புக்குள் போய் மாறுகிற மெத்திமசோலை ஒரு பிரிவினர் வழக்கமான ஒன்றரை, இரண்டு வருஷம் எடுத்தார்கள், இன்னொரு பிரிவினர் ஐந்து முதல் பத்து வருஷம் எடுத்தார்கள். நிறுத்தி நான்கு வருஷம் கழித்துப் பார்த்தபோது, முதல் பிரிவில் 53 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது, நீண்ட நாள் எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். ஒரே ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது என்பது சரி. ஆனாலும் "நீண்ட நாள் சாப்பிட்டால் நிறுத்தவே முடியாது" என்ற பொதுப் பயத்துக்கு நேர் எதிராக இருக்கிறது பாருங்கள். நீண்ட நாள் எடுத்தவர்கள்தான் அதிகம் பேர் நிறுத்த முடிந்திருக்கிறது.

செலவும் பெரிதில்லை. கார்பிமசோல் நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது, விலை தாங்கக் கூடியது. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கெடுபிடி இல்லை. காலையில் எழுந்ததும் காபி குடிக்கலாம். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், அடுத்த வழிக்குப் போகும்போது தெரியும்.

குறை என்னவென்றால் தொடர்ந்து கண்காணித்தாக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரமாவது ரத்தம், டாக்டர், டோஸ் சரிபார்ப்பு. உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ பஸ் ஏறி வந்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறவருக்கு இது லேசில்லை. வருஷத்துக்கு ஒருமுறைகூட டெஸ்ட் எடுக்க மாட்டேன் என்கிறவருக்கு இந்த வழி ஆகாது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வருஷக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டு, ஹைப்போவாகி முகம் ஊதிப்போய் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு, பின்னால் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மதினிக்குத் தைரோநார்ம், எனக்கு நியோ மெர்கசோல் (கார்பிமசோலின் கம்பெனிப் பெயர்). ஒன்று ஹார்மோனைக் கூட்டுவது, ஒன்று குறைப்பது. 'தைராய்டு மாத்திரை' என்று ஒரே டப்பாவில் போட்டு வைக்கும் வீடுகள் நிறைய. தனித்தனி டப்பா, தனித்தனி அலமாரி.

வழி மூன்று: ரேடியோ அயோடின்

தைராய்டு சுரப்பி அயோடினை விரும்பி உறிஞ்சும். அந்தப் பசியையே பயன்படுத்தி, கதிரியக்க அயோடினை உள்ளே அனுப்பிச் சுரப்பியின் செல்களை அழிப்பது இந்த முறை. 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் முதன்முதலில் நோயாளிக்குக் கொடுத்தார். நம் நாட்டுக்கு வேண்டியது மும்பை டிராம்பேயில் தயாராகிறது. எட்டு நாளில் பாதியாகக் கரைந்துவிடும் பொருள் என்பதால் அலமாரியில் இருப்பு வைக்க முடியாது. நியூக்ளியர் மெடிசின் பிரிவு உள்ள மருத்துவமனையில் உங்களுக்கு நாள் குறித்துத்தான் வரவழைப்பார்கள். குறித்த நாளில் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சிகிச்சை என்பது ஒரு காப்ஸ்யூல் அல்லது ஒரு மடக்குத் திரவம், அவ்வளவே. கிரேவ்ஸுக்குக் கொடுக்கும் அளவுக்கு வழக்கமாக அட்மிட் ஆக வேண்டியதில்லை. சில நாள் முன்பே கார்பிமசோலை நிறுத்தச் சொல்வார்கள். பலன் உடனே தெரியாது, ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை பிடிக்கும். சிலருக்கு இரண்டாவது டோஸ் தேவைப்படும்.

கஷ்டம் சிகிச்சையில் இல்லை, வீட்டுக்குத் திரும்பிய பிறகு. சில நாட்களுக்குக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கக் கூடாது, தனியே படுக்க வேண்டும், கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். அக்கா வீடு ஒற்றை ஹால், ஒரு பாத்ரூம், அம்மாவை விட்டுத் தூங்கத் தெரியாத சின்னவன். கடைசியில் பிள்ளைகளை அப்பத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். தேனி, ராமநாதபுரம் என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள் திரும்பும் பயணத்தையும் யோசிக்க வேண்டும். நெரிசலான பஸ்ஸில் கர்ப்பிணிப் பெண் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து போவது கூடாது. எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்பதை டோஸைப் பொறுத்து அந்தப் பிரிவிலேயே எழுதித் தருவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பலரும் புரிந்துகொள்ளாத விஷயம். ரேடியோ அயோடின் மாத்திரையிலிருந்து விடுதலை இல்லை. பெரும்பாலோருக்குச் சுரப்பி செயலிழந்து ஹைப்போ ஆகும். அதுதான் இந்தச் சிகிச்சையின் இலக்கே, பக்கவிளைவு இல்லை. அதன் பிறகு தைராக்ஸின் (குறைந்த ஹார்மோனை ஈடுகட்டும் மாத்திரை) ஆயுளுக்கும். வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி, டீ, டிபன் எதுவும் கூடாது. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி. விடிகாலை டீ இல்லாமல் கண் திறக்காத ஊர்க்காரர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். டோஸ் ஒருமுறை பொருந்திவிட்டால் தைராக்ஸின் மிக நிம்மதியான மருந்து. வெள்ளை அணு பயம் இல்லை, நோய் திரும்புமோ என்ற பயமும் இல்லை. வருஷத்துக்கு ஒரு டெஸ்ட் போதும். அக்கா இப்போது நிம்மதியாகத்தான் இருக்கிறார், "நீ இன்னும் ஆன்டிபாடி பார்த்துக்கிட்டுத் திரி" என்று என்னைக் கேலிகூடச் செய்வார்.

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இது கூடவே கூடாது. எடுத்த பெண்கள் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். கண் நோய் உள்ளவர்களுக்கு, அதிலும் புகைப்பவர்களுக்கு, அதை மோசமாக்கக் கூடும். லேசான கண் நோயென்றால் ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டே செய்வார்கள், கடுமையானதென்றால் இந்த வழியையே தவிர்ப்பார்கள். பிற்காலத்தில் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுமா என்ற விவாதம் மருத்துவ உலகில் நடக்கிறது. கூடினாலும் மிகச் சிறிது என்பதில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை.

கண் விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி. அண்ணா நகரில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கண் உறுத்தல், பிதுக்கம், இரட்டைப் பார்வை, இமை மூடாமல் தூங்குவது, இதில் எது இருந்தாலும் ரேடியோ அயோடினுக்குச் சம்மதிப்பதற்கு முன் கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். நிறம் மங்கித் தெரிந்தாலோ பார்வை குறைந்தாலோ அன்றைக்கே.

வழி நான்கு: ஆபரேஷன்

சிலருக்கு இதுதான் சரியான வழி: மூச்சையும் விழுங்குவதையும் அழுத்தும் பெரிய கழலை, சந்தேகத்துக்குரிய கட்டி, கடுமையான கண் நோய், மருந்து ஒத்துக்கொள்ளாதவர், சீக்கிரம் குழந்தை வேண்டும் என்கிறவர். நோய் அன்றோடு முடியும், ஆறு மாதக் காத்திருப்பு இல்லை. அதன் பிறகு தைராக்ஸின் ஆயுளுக்கும், மறுநாளே ஆரம்பித்துவிடுவார்கள்.

குரல் நரம்பும், கால்சியத்தைக் காக்கும் நான்கு குட்டிச் சுரப்பிகளும் தைராய்டை ஒட்டியே இருக்கின்றன. அடிபட்டால் குரல் கம்மும், அல்லது விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போய்க் கால்சியம் விழுங்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் தற்காலிகம், கைதேர்ந்தவரிடம் நிரந்தரப் பாதிப்பு நூற்றில் ஓரிருவருக்கு. அதனால் எந்த ஆஸ்பத்திரி என்பதைவிட எந்த சர்ஜன் என்பதே முக்கியம். வருஷத்துக்கு 25க்கு மேல் தைராய்டு ஆபரேஷன் செய்கிறவரிடம் சிக்கல் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. டீச்சர், பாடகர், ஏலக்கடைக்காரர் என்று குரலை வைத்துப் பிழைப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், அந்த ஆபரேஷனுக்கு அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று காப்பீட்டு கவுன்டரில் நாள் குறிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். ஹார்மோன் கட்டுக்குள் வராமல் மேஜைக்குப் போகக் கூடாது. அதற்காகத்தான் முன்கூட்டியே மாத்திரையும், கடைசிப் பத்து நாள் அயோடின் சொட்டும் கொடுப்பார்கள்.

கல்யாணம், குழந்தை என்று பேச்சு வந்தால்

என்னிடம் இந்த விஷயத்தில் யோசனை கேட்பவர்களில் அதிகம் பேர் கல்யாணம் நிச்சயமான பெண்களின் அம்மாக்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிவதற்குள் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்ற அவசரம். முகூர்த்த நாளைப் பார்த்து மருந்தை நிறுத்துவதைப் போல மோசமான காரணம் இருக்க முடியாது. கட்டுப்படாத ஹைப்பர்தைராய்டோடு கர்ப்பமானால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், தாய்க்கு இதயச் சிக்கல் என்று வரிசையாக வரும்.

கார்பிமசோலில் இருக்கும்போது கர்ப்பமானால், முதல் மாதங்களில் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு, குறிப்பாக ஆறு முதல் பத்தாவது வாரம் வரை. அதனால் அந்தக் கட்டத்தில் புரோபில்தையோயுராசில் என்ற மருந்துக்கு மாற்றுவது வழக்கம். அதுவும் ஈரலைப் பாதிக்கக் கூடியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் அதன் மேல் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடும் கடும் எச்சரிக்கையே போட்டது. மிகச் சின்ன டோஸில் நிலையாக இருப்பவர்களுக்கு, கர்ப்பம் உறுதியானவுடன் டாக்டர் மேற்பார்வையில் மருந்தையே நிறுத்திக் கவனிப்பதும் உண்டு. மாதவிடாய் தள்ளிப்போன முதல் வாரத்திலேயே டெஸ்ட் எடுத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதே இதன் சாரம். நாள் தள்ளி ஊர்ஜிதம் செய்யும் பழக்கம் இங்கே உதவாது.

இரண்டு மூன்று வருஷத்தில் குழந்தை வேண்டும் என்கிற பெண்ணுக்கு என் கருத்து இது. ஆன்டிபாடி நார்மல் என்றால் இப்போதே நிறுத்தி, ஒரு வருஷம் கவனித்துவிட்டுக் கருத்தரிக்கலாம். ஆன்டிபாடி மிக உயர்ந்து இருந்தால் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும். ரேடியோ அயோடினுக்குப் பிறகு ஆன்டிபாடி பல மாதம் ஏறியே இருக்கும், ஆபரேஷனுக்குப் பிறகு இறங்கும். இந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகக் கூடியது. சுரப்பியை எடுத்துவிட்டோம் என்பதற்காக மகப்பேறு டாக்டரிடம் பழைய கிரேவ்ஸைச் சொல்லாமல் விடக் கூடாது. பாலூட்டும்போது மிதமான டோஸில் கார்பிமசோல் எடுக்கலாம், பயப்பட வேண்டாம்.

வயதானவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அறுபதுக்கு மேல், ஏற்கெனவே இதயம் தாறுமாறாகத் துடிக்கிறவருக்கு, 'நிறுத்திப் பார்ப்போம்' என்பது எனக்கு உடன்பாடில்லை. திரும்ப வந்தால் பக்கவாதம் வரை போகலாம். அங்கே ரேடியோ அயோடினோ தொடர் மாத்திரையோதான்.

நிறுத்துவது என்று முடிவானால்

முதல் ஆறு மாதம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4, டி3. அடுத்த ஆறு மாதம் கொஞ்சம் இடைவெளி விடலாம். பிறகு வருஷத்துக்கு ஒன்று, அது நிற்காமல். வருஷங்கள் கழித்தும் திரும்பலாம், சிலருக்கு எதிர்ப்பக்கம் போய் ஹைப்போவும் ஆகலாம்.

அறிகுறியை மட்டும் நம்பி டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள். மதுரையில் கத்திரி வெயிலில் வியர்க்காதவர், படபடக்காதவர், தூக்கம் கெடாதவர் யார்? அதைவிட நம்பகமானது, காலையில் கண் விழித்துப் படுக்கையிலிருந்து எழும் முன் ஒரு நிமிஷ நாடித்துடிப்பு. உங்கள் வழக்கமான எண்ணிலிருந்து பதினைந்து இருபது கூடி, சில நாள் அப்படியே நின்றால் ரத்தம் கொடுங்கள்.

முடி கொட்டுகிறதென்று பயோடின் மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்க. அது தைராய்டை ஒன்றும் செய்யாது, ஆனால் பல லேப் இயந்திரங்களைக் குழப்பி, டி.எஸ்.ஹெச். குறைந்தது போலவும் டி4 ஏறியது போலவும் காட்டும். அதாவது நோய் திரும்பிவிட்டது என்று பொய்யாகச் சொல்லும். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

உணவில் பெரிய மாற்றம் வேண்டாம். அயோடின் உப்பை விட்டு இந்துப்புக்கு மாறச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். சமையலில் போடும் அளவு அயோடின் உப்பால் கிரேவ்ஸ் திரும்புவதில்லை. ஜிகர்தண்டாவில் கடல்பாசி இருக்கிறதே என்று கேட்பார்கள். சுத்திகரித்த அந்த அகர்-அகரில் அயோடின் அதிகம் இல்லை, தாராளமாகக் குடிக்கலாம். தவிர்க்க வேண்டியது கெல்ப் என்று விற்கும் கடற்பாசிச் சத்து மாத்திரையை. சி.டி. ஸ்கேனில் ஏற்றும் மருந்திலும், இதயத்துக்குக் கொடுக்கும் அமியோடரோனிலும் அயோடின் மிக அதிகம். அந்தச் சூழ்நிலையில் "எனக்கு ஹைப்பர்தைராய்டு இருந்தது" என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆன்டிபாடி டெஸ்டை ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் முறையும் நார்மல் அளவும் மாறும் என்பதால், கோரிப்பாளையத்தில் ஒரு தடவை, கே.கே. நகரில் ஒரு தடவை என்று எடுத்த எண்களை வைத்து ஏறியதா இறங்கியதா என்று டாக்டராலும் சொல்ல முடியாது.